மோட்டார் போட்டால் அணையும் கம்ப்யூட்டர்

செல்லூர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முட்டுவலி தேவலை. புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் போடுகிறேன் என்றாயே, போடாதே. பழையதே இப்போது நன்றாக ஓடுகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்குக் காலம் முடிந்துவிட்டது, அதனால்தான் அடிக்கடி நின்றுபோகிறது என்றாய். 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது உண்மைதான். அதனால் நின்றது அப்டேட். ஓடுகிற மெஷின் அதற்காகப் பொசுக்கென்று அணையாது. ரிப்பேருக்கு முதலில் வந்து பார்த்தவரும் பையைக் கீழே வைக்கும் முன்பே "ஃபார்மேட் அடிச்சிரலாம்க்கா" என்றார். எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. சுங்குடிச் சேலை டிசைன் படங்களும் பில்லும் போவதுதான் மிச்சம். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். அணையும்போதெல்லாம் மணியையும், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். நீலத் திரை ஒரு தடவைகூட வரவில்லை. டிரைவரோ (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) ராமோ (அதன் தற்காலிக நினைவகம்) தகராறு செய்தால் பெரும்பாலும் நீலத் திரையில் பிழையின் பெயரைக் காட்டிவிட்டுத்தான் ரீஸ்டார்ட் ஆகும். இது எதையும் சொல்லாமல் படக்கென்று போனது. சூடு என்றும் சொல்ல முடியாது. மார்கழிக் காலையில், போட்ட கொஞ்ச நேரத்திலேயே அணைந்தது.

சிம்மக்கல் பக்கம் கடை வைத்திருக்கிற பையனை வரச் சொன்னேன். பொறுமைசாலி. கம்ப்யூட்டரில் நடந்ததெல்லாம் பதிவாகிற ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினான். 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாக இருந்தது. முறையாக மூடாமலே மறுபடி தொடங்கியது என்று அர்த்தமாம்; ஏன் என்று அது சொல்லாது. உள்ளே பக்செக் கோடு என்ற இடத்தில் பூஜ்யம். நீலத் திரைப் பிழை பதிவாகவில்லை, கரண்ட் பக்கம் பார்க்கணும் என்றான். இருந்தாலும் ராமைக் கழற்றி, அதன் உலோக முனைகளை அழிரப்பர் போட்டுத் துடைத்து மாட்டி, அதைச் சோதிக்கிற மெமரி டயக்னஸ்டிக்கும் ஓட்டினான். ஹார்ட் டிஸ்க்கையும் சோதித்தான். இரண்டிலும் குறை இல்லை.

என் தாளை நீட்டினேன். பாதிக்கு மேல் காலை ஆறரை, மாடி வீட்டார் போர் மோட்டார் போடும் நேரம். மோட்டார் கிளம்பும் அந்தக் கணம் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் விழும். அந்த நேரத்தில் பேட்டரியில் கரண்ட் கொடுக்கிற யுபிஎஸ் தாங்க வேண்டும். அதன் பேட்டரி செத்துக் கிடந்தது. யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் மாட்டி, மாடி அக்காவை மோட்டார் போடச் சொன்னோம். அப்போதும் அணைந்தது.

அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸும், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியும், போச்சு. கார்ப்பரேஷன் தண்ணீர் நின்றாலும் மாடித் தொட்டி சமாளிக்கிற மாதிரி, அதற்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர் சில மில்லி நொடிக்குக் கரண்ட் பிடித்து வைத்திருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அது வறண்டுவிட்டது. கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து போட்டோ அனுப்பினான்: தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. நீ அங்கே இதைத் திறந்து பார்க்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

புது எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி, அவ்வளவுதான் செலவு. இப்போது ஆறரைக்கு மோட்டார் உறுமினால் யுபிஎஸ் ஒரு பீப் போடுகிறது, நான் பில் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நம் மெஷின் 6-ஆம் தலைமுறை பிராசசர், விண்டோஸ் 11-க்கு 8-ஆவது வேண்டுமாம். கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்துவிட்டேன், 2026 அக்டோபர் 13 வரை வரும். புதுசு வாங்குவதை அதற்கு முன்னால் பேசிக்கொள்ளலாம், பணம் அதுவரை உன்னிடமே இருக்கட்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கி வா, டிசைனை எல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா