மணியத்துக்கு: நாடக வசனம் பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மணியம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விடவில்லை, செம்பனைப் பழம் வெட்டு தள்ளிப்போகிறது. மற்றபடி சுகம்.

தொலைக்காட்சியில் வருவதுபோல வெடுக் வெடுக்கென்று நிஜத்தில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டிருந்தாய். சிரிப்பை மட்டும் கவனி, வித்தியாசம் தெரிந்துவிடும். நாடகத்தில் நக்கலடித்தவர் முகம் மாறாமல் நிற்பார், எதிரில் இருப்பவரும் சிரிக்க மாட்டார். கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும்போதோ, சொல்கிறவரே முதலில் சிரித்துவிடுகிறார். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் குறித்துப் பார்த்தார். அவற்றுக்கு முன் வந்த பேச்சில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது 20 விழுக்காடுகூட இல்லை. மிச்சமெல்லாம் "சரி, அப்புறம் பார்ப்போம்" ரகம்தான்.

யோசிக்க நேரமும் கிடையாது. 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 200 மில்லி நொடிதான் இருந்தது. எதிராளி முடிப்பதற்குள் பதில் தயாராக வேண்டும். அதனால்தான் நம் ஆட்கள் பட்டப்பெயர், பழமொழி, ஊருக்கே தெரிந்த பழைய கதை என்று கைவசம் இருப்பதை எடுத்து வீசுகிறார்கள். வசனகர்த்தா எழுதும் வரிக்கோ, நாள்கணக்கில் அவகாசம் உண்டு.

நீ எழுதும் நாடகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கேட்டு அனுமதி வாங்கி, கடைப்பேச்சு ஒரு நிமிடம் பதிவு செய். "ஆ", "அந்த இது", பாதியில் விட்ட வாக்கியம் எதையும் விடாமல் எழுது. இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் கோடு போடு. ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பிறகு தடுமாற்றத்தில் பாதிக்கு மேல் வெட்டலாம், ஆனால் சொல்வரிசையில் கை வைக்காதே. "நேத்து கூட்டத்துல தூங்கிட்டாரு, தலைவரு" என்றால் சிரிப்பு வரும். "நேற்று கூட்டத்தில் தலைவர் தூங்கிவிட்டார்" என்று திருத்தினால் அது வெறும் செய்தி. யார் என்பது முதலிலேயே தெரிந்துபோகிறதே! எழுத்துத் தமிழ்ப் பழக்கத்தில் பலரும் கெடுப்பது இங்கேதான்.

இன்னொன்று: நம் பிள்ளைகள் பேச்சின் முடிவில் "லா" போட்டு, மலாய் கலந்து பேசுகிறவர்கள். அவர்கள் வாயில் சென்னைக் கலாய்ப்பைத் திணித்தால் ஒட்டாது. நான்கு பாத்திரமும் ஒரே மாதிரி சாமர்த்தியமாகப் பேசினாலும் அதே கதிதான், ஒருவராவது புரியாமல் "என்ன?" என்று திருப்பிக் கேட்கட்டும்.

இரண்டாம் காட்சியைத் தாளில் மட்டும் அனுப்பாதே, இரண்டு பேரை வாசிக்க வைத்து வாட்சாப்பில் குரலையும் அனுப்பு. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
குணா