மூட்டை வாங்கியாச்சு சரி, தெருவில் இறங்கி நட

பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு அதையே சுற்றி வருகிறது. ஏதோ புதுக் காய்ச்சல் என்று டிவியில் ஓட ஆரம்பித்ததும் அரிசி மூட்டை, பருப்பு, பால் பவுடர், டயபர் பெட்டி என்று நீயும் மாப்பிள்ளையும் வாங்கி அடுக்கிவிட்டீர்கள். வாங்கினது தப்பே இல்லை, கைக்குழந்தை இருக்கிற வீடு, நானாக இருந்தாலும் வாங்கித்தான் வைத்திருப்பேன். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதே. 2020லும் 2021லும் கொரோனா சமயத்தில் சென்னை வியாசர்பாடியில் அங்கன்வாடி டீச்சராக வீடு வீடாக ஏறி இறங்கினவள் நான். நீ அப்போது பெங்களூரில் பி.ஜி. விடுதியில் அடைந்து கிடந்தாய், தினமும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பாய், நானும் "ஆச்சு" என்று சொல்லி வைத்துவிடுவேன். அப்போது சொல்லாததை எல்லாம் இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்த நாட்களில் அரிசி தீர்ந்துபோனவர்கள் நிறையப் பேர். ஆனால் தவித்துப்போனவர்கள் யார் என்று பார்த்தால், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள்தான். காசு இருந்தும் அப்படித்தான். ஆப்பில் பட்டனை அழுத்தினால் சாமான் வரும் என்று பழகியிருந்த வீடுகளில் முதல் வாரம் டெலிவரிக்கு நேரமே கிடைக்கவில்லை. பக்கத்து மளிகைக்கடைக்காரர் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. நமக்கோ, கடைக்கார அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கி, லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க டீச்சர், மதியம் வந்து எடுத்துக்கோங்க என்றார்.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 தடை உத்தரவு போட்டார்கள், அன்று ராத்திரியே நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாயும், அந்த மாத அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெய் எல்லாம் இலவசமாகவும் கொடுத்தார்கள். டோக்கனில் தேதியும் நேரமும் எழுதியிருக்கும். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள், வெயில் தாங்காமல் ஜனங்கள் வட்டத்துக்குள் செருப்பையும் பையையும் வைத்துவிட்டு எதிர்ப்பக்க நிழலில் நின்றார்கள். நம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருந்தது சர்க்கரை கார்டு, அதில் அரிசி கிடையாது, அதற்குப் பதில் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும். ரேஷன் அரிசி நாங்க சாப்பிடறதில்லை என்று எப்போதோ எடுத்தது. 2019 நவம்பரில் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசாங்கமே கூப்பிட்டுச் சொன்னபோதும் அவர்கள் மாற்றவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் சம்பளம் நின்றுபோனது, ஆயிரம் ரூபாயும் இல்லை, அரிசியும் இல்லை. அந்தக் காகிதத்தை அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி மாற்றியிருந்தால் என்று அவர்கள் இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவார்கள்.

இதே கதைதான் தொழிலாளர் நலவாரியத்திலும். கட்டுமானத் தொழிலாளிகளுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள். வாரியத்தில் பதிவு இருந்தால்தான் கிடைக்கும். நம் தெருமுனை ஸ்டாண்டில் ஒரே மாதிரி ஆட்டோ ஓட்டுகிறவர்களில் ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. கஷ்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒருவர் பெயர்தான் பதிவேட்டில் இருந்தது. இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவையும் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி தம்பியையும் நினைத்துத்தான். இந்த மாதிரி வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்து மத்திய அரசு தருகிற இ-ஷ்ரம் அட்டை எடுத்திருக்கிறார்களா, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்று கேள். இப்போது ஒரே நாடு ஒரே ரேஷன் என்று வந்துவிட்டது, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற கார்டாக இருந்தால், கார்டு பீகாரில் இருந்தாலும் பெங்களூர் கடையில் விரல் வைத்து அரிசி வாங்கலாம். அது தெரியாமல் கிலோ ஐம்பது, அறுபது கொடுத்து வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். நீ கூடப்போய் ஒரு தடவை வாங்கிக் காட்டினால் போதும், அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் நம் தெருவுக்குப் பின்னால் பாதியில் நின்ற கட்டடம் ஒன்று இருந்ததே, அதில் பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. காண்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது, அந்த அறிவிப்பு தமிழில் வந்தது, இவர்களுக்கோ ஒரு எழுத்தும் தெரியாது. ஆட்கள் கணக்கெடுக்க வந்தவர்களும் உள்ளே யாரும் இருப்பார்கள் என்று நினைக்காமல் தாண்டிப் போயிருந்தார்கள். நான் அங்கே போனதே ஒரு பெண்ணைப் பார்த்துத்தான், தண்ணீர்க் குடத்தோடு நின்றாள், வயிறு ஏழு மாதம் இருக்கும். கர்ப்பிணி என்றால் அங்கன்வாடியில் பெயர் எழுத ரேஷன் கார்டு தேவையே இல்லை, எந்த ஊர்க்காரி என்றும் பார்ப்பதில்லை. பெயரை எழுதிக்கொண்டு சத்துமாவு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படிச் சாப்பிடுவது என்று சைகையில் சொல்லத் தொடங்கும்போதே அவள் பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தாள், ஒரு கை மாவை எடுத்து வெந்நீர் தெளித்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அவர்கள் ஊரிலும் வறுத்து அரைத்த மாவு உண்டாம், வயலுக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்த முகத்தில் அன்றைக்கு வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். அவளை வைத்துத்தான் மற்ற எல்லோருடைய பெயரும் பட்டியலில் ஏறியது. 1913க்குப் போன் போட்டேன், மாநகராட்சி எண், இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை குழந்தை, பக்கத்தில் இன்ன கோயில் என்று சொன்னேன். அரிசி வந்தது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது பாப்பா. "ரொம்பக் கஷ்டப்படறாங்க, ஏதாவது செய்யுங்க" என்று சொன்னால் எதிர்முனையில் இருக்கிறவருக்கு என்ன செய்வதென்று புரியாது. எந்தத் தெரு, எத்தனை பேர், குழந்தைக்கு என்ன வயது, இன்றைக்கே வேண்டியது என்ன, நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை என்பது என்ன, இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேசினவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள். மறுபடி கூப்பிடும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருந்தது. ஒரு ரூபாய் இட்லியை நாம் எவ்வளவு சாதாரணமாக நினைத்தோம். ஊரடங்கு இறுக்கமாக இருந்த நாட்களில் காசே வாங்காமல் போட்டார்கள், வேலையிழந்த எத்தனையோ பேருக்கு அது ஒன்றுதான் சூடான சாப்பாடு. 2021 மே மாதம் கோயில் அன்னதானத்தைப் பொட்டலமாகக் கட்டி ஆஸ்பத்திரி வாசல்களில் கொடுத்தார்கள், உள்ளே நோயாளியை விட்டுவிட்டு வெளியே காத்திருந்தவர்கள் அதைத்தான் சாப்பிட்டார்கள். உங்கள் ஊரில் இதே மாதிரி அரசாங்கம் மலிவு விலையில் சாப்பாடு போடுகிற இந்திரா கேன்டீன் இருக்கிறது அல்லவா, 2017லிருந்து நடக்கிறது. உன் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்து வை, ஒரு நாள் மாப்பிள்ளையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டும் வா. எப்போது திறக்கிறார்கள், எப்போது தீர்ந்துபோகிறது என்பது போனால்தான் தெரியும்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்த வீட்டையே அடைத்தார்கள், அது உனக்கே தெரியும். கதவில் ஸ்டிக்கர், சில இடத்தில் தகரம். அந்த வீட்டுக்குப் பால் யார் வாங்கித் தருவது? சென்னையில் மாநகராட்சி 'ஃபோகஸ்' என்று தன்னார்வலர்களை நியமித்தது, பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள். காலையில் வாசலுக்கு வெளியே நின்று பால், காய்கறி, மாத்திரை என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்து வைப்பார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அந்தப் பிள்ளைகள் கதவடைத்த வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுதான். தெருவே அந்தக் கதவைப் பார்த்து ஒதுங்கிப்போகிற சமயத்தில் "அண்ணே, இன்னிக்கு காய்ச்சல் எப்படி இருக்கு" என்று ஒரு குரல் கேட்டால், அது மாத்திரைக்குச் சமம்.

மாத்திரை என்றதும் மாடி வீட்டுத் தாத்தா ஞாபகம் வருகிறார். பிரஷர், சுகர் இரண்டும் உண்டு, தனியாள், மகன் துபாயில். தனியார் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தவர், கிளினிக் மூடிவிட்டது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. அங்கே நர்ஸிடம் சொல்லி நோட்டுப் போட்டதும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்தார்கள், அடிக்கடி வர வேண்டாம் என்று. உன் மாமியாருக்கும் பிரஷர் இருக்கிறதே, பக்கத்தில் உங்கள் ஊர் அரசாங்கம் நடத்துகிற 'நம்ம கிளினிக்'கோ ஆரம்ப சுகாதார நிலையமோ எது என்று பார்த்து ஒரு தடவை அழைத்துப்போய்ப் பதிவு செய்துவிடு. இப்போது அவர்கள் வாங்குகிற இடத்திலேயே வாங்கட்டும், இது கூட இருக்கட்டும்.

2021 மே மாதத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசு வரவில்லை. கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்துக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார்கள், அப்புறம் அதை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அதன்பின் மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுத்தார்கள். அந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தின நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு யார் அதைச் சொன்னார்கள்? கையில் இருந்த நகையை எல்லாம் விற்றுவிட்டு நின்றார்கள். போனிலோ ஆக்சிஜன் எண், படுக்கை எண் என்று நூறு வரும். பாதி எண்கள் எடுக்கவே மாட்டார்கள், சிலர் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார்கள். அதில் உருப்படியாக உதவினது, ஒவ்வொரு எண்ணையும் தாங்களே கூப்பிட்டுப் பார்த்து, இத்தனை மணிக்குப் பேசினோம், இருக்கிறது என்று எழுதி அனுப்பின காலேஜ் பிள்ளைகள். அந்த ஒரு வரி இல்லாத எண்ணை நீ யாருக்கும் அனுப்பாதே. பேசிப் பார்க்காமல் அனுப்பினால் மூச்சுத்திணறுகிற ஒருவரின் வீட்டில் பத்து நிமிஷத்தைப் பிடுங்கிக்கொள்வதுதான்.

இன்னொன்று. கேட்கக் கூச்சப்படாதே. அந்தச் சர்க்கரை கார்டு அக்கா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பிள்ளை பக்கத்து வீட்டில் சாதம் வடிக்கிற வாசனை வரும்போதெல்லாம் வாசலில் வந்து நின்றது, அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. ரேஷனும் சத்துமாவும் முட்டையும் யாரும் போடுகிற பிச்சை கிடையாது, நீயும் நானும் கட்டுகிற வரியில் வருவது. எல்லாம் தீர்ந்து பாத்திரம் காலியான பிறகு கேட்டால் வந்து சேருவதற்குள் இரண்டு வேளை போய்விடும், நாலு நாளுக்கு இருக்கும்போதே கேட்க வேண்டும். உன்னிடம் வந்து ஒருவர் கேட்டாலும், ஏன் எதற்கு என்று துருவாதே, முதலில் அரிசியைக் கொடு.

சரி, இந்த வாரம் நீ செய்ய வேண்டியது. உன் பகுதி அங்கன்வாடிக்குப் போய்ப் பேரன் பெயரைப் பதிந்துவிடு. ஆறு வயசுக்குள் இருக்கிற எந்தக் குழந்தைக்கும் அது உண்டு, ஃபிளாட்டில் இருக்கிறோமே என்று யோசிக்காதே, எடை பார்ப்பார்கள், தடுப்பூசித் தேதி சொல்வார்கள். அங்கிருக்கிற டீச்சருக்கும் ஆஷா ஊழியருக்கும் உன் முகம் தெரியட்டும், அவர்களுக்குத்தான் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும். வார்டு அலுவலகம் எங்கே என்று நேரில் போய்ப் பார், வெப்சைட்டில் இருக்கிற எண்ணை ஒரு தடவை கூப்பிட்டு எடுக்கிறார்களா என்று பார். ஆம்புலன்சுக்கு 108, உடல்நல ஆலோசனைக்கு 104, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567, இவற்றை உன் மாமியார் கண்ணில் படுகிற மாதிரி பிரிட்ஜ் கதவில் பெரிசாக எழுதி ஒட்டு, எல்லோருக்கும் போனில் தேடத் தெரியாது. உங்கள் மாடியில் தனியாக இருக்கிற பெரியவர் யாராவது இருந்தால் அவர் மகன், மகள் எண்ணையும் வாங்கி வை.

அப்புறம் அந்த அரிசியில் நாலு வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு மூடி வை, பெங்களூர் ஈரத்துக்கு வண்டு விழுந்துவிடும். செக்யூரிட்டி தம்பி எந்த ஊர், கார்டு என்ன கலர் என்று கேட்டு எனக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு, பேரனை முத்தமிட்டேன் என்று சொல்.

அம்மா