சாவிக்கொத்து அயித்தை கையில் இருக்கட்டும்

தேவகோட்டை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். அப்பச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து தந்தார்கள். செல்போனில் படித்தால் எனக்குக் கதை மனசில் நிற்பதில்லை. நீ துப்பறியும் கதை எழுதப் போகிறாய், அதுவும் சிரிக்கச் சிரிக்க, அதுவும் நம் ஊர்ப்பக்கத்தை வைத்து என்று சொன்னதிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயசு தெரிந்த நாளிலிருந்து வார இதழ்த் தொடர் படிக்கிறவள் என்ற உரிமையில் சிலதை எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

முதலில் உன் கதாநாயகன். பெங்களூரிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்தப் பையன். நல்ல பையன்தான், பேச்சும் கலகலப்பு. ஆனால் அவன் எந்த உரிமையில் ஒரு வீட்டின் நடு முற்றமான வளவுக்குள் நுழைந்து ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறான்? அவர்களும் ஏன் பதில் சொல்கிறார்கள்? போலீஸ்காரர் என்றால் காக்கிச் சட்டை இருக்கிறது. தொழிலாகத் துப்பறிகிறவர் என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். சாதாரண மனுஷர் துப்பறிகிற கதையில் இந்த இரண்டுமே கிடையாது. அவர் அங்கே இருப்பதற்கு வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணம் யார் கண்ணையும் உறுத்தக் கூடாது. இது சரியாக அமையாவிட்டால், அப்புறம் நீ எவ்வளவு சிரிப்புக் காட்டினாலும் படிக்கிறவர் மனசில் அந்தக் கேள்வி முள்ளாகக் கிடக்கும்.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைப் பார். அவர் வருகிற முதல் நாவல் 1930ல் வெளிவந்தது. கல்யாணம் ஆகாத கிழவி, கையில் பின்னல் வேலை, வாசலில் தோட்டம். அவர் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள், கிழவிதானே என்று. அவர் கண்டுபிடிக்கிற விதமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதிதாக ஒருவரைப் பார்த்ததும், தன் கிராமத்தில் இன்னார் இப்படித்தான் செய்தார் என்று ஒரு பழைய சங்கதி அவருக்கு ஞாபகம் வரும். அதிலிருந்து ஆளை எடைபோட்டுவிடுவார். கிறிஸ்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: தன் பாட்டியின் சிநேகிதிகளைப் போன்ற ஒரு கிழவியாகத்தான் மார்ப்பிளை நினைத்துப் பார்த்தாராம். அந்தப் பாட்டி யாரிடமும் கெட்டதையே எதிர்பார்ப்பாராம், பெரும்பாலும் அது பலித்துவிடுமாம். இதைப் படித்தபோது எனக்கு உன் அப்பத்தா முகம்தான் கண்முன் வந்தது. ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே, கடன் கேட்க வந்திருக்கிறாரா பத்திரிகை வைக்க வந்திருக்கிறாரா என்று அப்பத்தா சொல்லிவிடுவார்கள்.

செஸ்டர்டன் 1910ல் கொண்டுவந்த பாதிரியார் ஃபாதர் பிரவுனுக்கும் இதே கதைதான். ஊரார் பாவமெல்லாம் காதில் விழுகிற வேலை அவருடையது. குற்றவாளியின் புத்தி எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

நம் துப்பறியும் சாம்புவை நீ மனசில் வைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் பையன் தடுக்கி விழுந்த இடத்தில் சாவி கிடைக்கிறதே, அது சாம்பு வழி. எழுத்தாளர் தேவன் அதை ஆனந்த விகடனில் எழுதியபோது மொத்தக் கதையையும் அந்த அதிர்ஷ்டத்தின் மேலேயே கட்டினார். சாம்பு அசடு என்று நமக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் கோபாலனோ அவரை மேதை என்று நம்புகிறார். சிரிப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது. உன் கதை வேறு ஜாதி. தடயங்களைக் கூடவே எண்ணிக்கொண்டு வா என்று முதல் பக்கத்திலேயே வாசகரைக் கூப்பிட்டுவிட்டாய். கூப்பிட்ட பிறகு அதிர்ஷ்டத்தால் முடிச்சை அவிழ்த்தால் அது ஏமாற்று வேலை.

சரி, வேறு யார் என்று கேட்பாய். உன் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் அரைப்பக்கம் வந்து போகிறார்களே, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு அயித்தை. நீ அவர்களைச் சிரிப்புக்காக நிறுத்தியிருக்கிறாய். எனக்கு அவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

முன்னோருக்குப் படைக்கிற படைப்பன்றைக்குச் சாமான் அறை திறப்பதை நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய், கவனித்திருப்பாயோ என்னவோ. பங்காளிகள் எல்லாரும் வந்து சேருவதற்கு முன்பே அறையைத் திறந்துவிடுவார்கள். உள்ளே இருட்டு, புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்த பித்தளை வாசனை. ஒருவர் வாசலில் நோட்டோடு உட்காருவார். அயித்தை உள்ளே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள்: குத்துவிளக்கு, அண்டா, தவலை, கூஜா, தாம்பாளம். பாத்திரத்தைத் திருப்பி, விளிம்பில் வெட்டியிருக்கும் எழுத்தை விரலால் தடவிப் பார்த்து, யார் வீட்டுப் பாத்திரம் என்று சொல்வார்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்த எழுத்தின் வெட்டு எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். மூடி மாறியிருந்தால் கையில் வாங்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய துப்பறிகிற ஆளை எந்த ஊரில் தேடுவாய்? எந்த அறைக்கும் போகலாம், எவரையும் கேட்கலாம், எவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்தது கொலை. எனக்கு அந்தக் கொலை வேண்டாம் என்றே படுகிறது. இந்த வகைக் கதையில் ரத்தத்தைத் திரைக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், செத்தவருக்காக யாரும் பெரிதாக அழவும் மாட்டார்கள். அதெல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். ஆனாலும் நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் காரியம், விருந்து, விசாரிக்க வருகிறவர்கள் என்று வீடே வேறு ஆகிவிடும். அதற்குள் சிரிப்பை நுழைப்பது கஷ்டம், நுழைத்தாலும் நன்றாக இருக்காது. ஒரு பொருள் காணாமல் போகட்டும். பத்துப் பங்காளிக்குப் பொதுவான ஒரு பொருள். அது போதும், தேவகோட்டையிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் தூக்கம் போய்விடும்.

காரணம் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். அதை நம் வீடுகளிலேயே தேடு. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நம்மவர்கள் அங்கே தொழிலில் போட்டிருந்த பணமெல்லாம் போச்சு. தப்பித்தவர்கள் ஊர் திரும்பினார்கள். கட்டிய வீடு மட்டும் அப்படியே நின்றது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை வாசல் என்று நீண்டு கிடக்கிற வீடு. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. ஐயா காலத்தில் ஒருவர் பேரில் இருந்தது, இன்றைக்கு எத்தனை பேருக்குப் பங்கு என்று வக்கீலுக்கே தெரியாது. ஒருவர் விற்கலாம் என்பார், ஒருவர் கூடாது என்பார், மூன்றாமவர் அமெரிக்காவிலிருந்து பதிலே போடமாட்டார். இதற்கிடையில் ஓடு சரிந்து மழை இறங்கும். கடைசியில் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து நிற்கும். அந்தத் தெருவில் ஒரு தரம் நடந்துவிட்டு வந்து எழுது. அடுக்கி வைத்திருக்கிற எனாமல் அடுக்குச் சட்டிகளில் யார் யார் வீட்டுப் பெயரோ இருக்கும். தன் வீட்டுப் பொருளை அங்கே விலைச்சீட்டோடு பார்க்கிற ஒரு அயித்தையை நினைத்துப் பார். உன் நாவலுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உன் கதையில் சிரிப்பு ஒரு பக்கம் போகிறது, துப்பு ஒரு பக்கம் போகிறது. ஒரு பக்கம் சிரித்துவிட்டு, அடுத்த பக்கம் முகத்தை இறுக்கிக்கொண்டு தடயம் தேட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். வாசகர் சிரிக்கிற நேரத்தில்தான் தடயத்தை அவர் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்து தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைப் பிரிப்பார்கள். மழமழவென்று இருக்கும். ஆனால் பழைய வீட்டுத் தரையில் இருக்கிற மினுக்கம் அதற்கு உடனே வராது. காலடி பட்டு, துடைத்துத் துடைத்து, வருஷம் போகப் போகத்தான் வரும். இப்போது கதைக்கு வா. கல்யாணத்துக்கு முதல் நாள். அயித்தை வளவில் நின்று, தரை துடைக்கிற பெண்ணைப் பிடித்துச் சத்தம் போடுகிறார்கள்: 'இந்த ஒரு கல் மட்டும் ஏன் மங்கிக் கிடக்கு?' அவள் எதிர்வாதம் செய்கிறாள்: 'நானும் மூணு தரம் தேச்சாச்சு ஆச்சி, தேங்காயெண்ணெய்கூடப் போட்டாச்சு, கல்லுக்குத்தான் ரோஷம் இல்ல.' அதற்குள் சின்ன அம்மான் ஈரத்தில் கால் வைத்து, கையிலிருந்த தேன்குழல் தட்டோடு சரிகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓடுகிற தேன்குழலைக் குழந்தைகள் பொறுக்குகின்றன. வாசகரும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த ஒரு கல்லை யாரோ பெயர்த்துவிட்டுப் புதுக்கல் பதித்திருக்கிறார்கள் என்பதை நூறு பக்கம் கழித்து அயித்தை சொல்லும்போது, அடடா, நமக்கும்தானே காட்டினார்கள் என்று வாசகர் திரும்பிப் போய்த் தேடுவார். அவருக்கு நியாயமாக நடந்துகொண்ட மாதிரியும் இருக்கும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதிலும் கவனமாக இரு. ஆச்சிமார் பேசுகிற பேச்சை அந்தப் பையன் கேமராவுக்குள் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிற இடம் எனக்கு வலித்தது. அவர்கள் சிரிப்பாகப் பேசுகிறவர்கள்தான், தெரிந்தே பேசுகிறார்கள். பந்தியில் ஒருவரை ஒருவர் வாருகிற வார்த்தையெல்லாம் அளந்து எடுத்ததாக இருக்கும். சிரிக்க வைக்கிற உரிமையை அவர்களிடமே விட்டுவிடு. ரிச்சர்ட் ஆஸ்மன் என்ற இங்கிலாந்துக்காரர் 2020ல் எழுதிய நாவலில் முதியோர் குடியிருப்பில் இருக்கிற நாலு பேர் சேர்ந்து துப்பறிகிறார்கள். கிழவர் கிழவிகளை வைத்து அவ்வளவு சிரிப்பு இருக்கிறது, ஒரு இடத்தில்கூட அவர்களைக் குறைத்துப் பேசவில்லை. தன் அம்மா இருந்த குடியிருப்புக்குப் போனபோது வந்த யோசனையாம் அது. நம் ஊரிலும் இப்போது பெரிய வீடுகளில் விளக்குப் போட்டுக்கொண்டு இருப்பது எங்கள் வயசுக்காரர்கள்தானே. பிள்ளைகள் எல்லாம் உன்னைப் போல வெளியூரில். பொழுதும் இருக்கிறது, ஞாபகமும் இருக்கிறது, தெருவைப் பார்த்த திண்ணையும் இருக்கிறது.

சாப்பாட்டைக் கொஞ்சம் குறை. கந்தரப்பத்துக்கும் வெள்ளைப் பணியாரத்துக்கும் முழுசாக மூன்று பக்கம் கொடுத்திருக்கிறாய். செட்டிநாடு என்றால் சாப்பாடு என்று வெளியூர்க்காரர்கள் எழுதட்டும். உனக்கு அடுப்படி வேண்டுமென்றால், யார் எப்போது உள்ளே வந்தார், யார் சாப்பிடாமல் எழுந்து போனார் என்பதற்காக வேண்டும்.

நம் தேவகோட்டை மண்ணில் பிறந்தவர்தான் தமிழ்வாணன். அவருடைய சங்கர்லால் நாடு நாடாகப் போய்த் துப்பறிந்தார், எங்கள் தலைமுறை அதைப் படித்தே உலகம் சுற்றியது. நீ துப்பறிகிறவரை நம் தெருவுக்குள்ளேயே நடக்க விடுகிறாய். அது எனக்குப் பெருமையாக இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வா. கோட்டையூரில் அவர் தன் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்கள்தான். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல் சென்னையில் நூலகமாக்கினார்கள். பழைய தமிழ் நாவல்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அந்தக் காலத்தில் அத்தியாயத்தை எங்கே நிறுத்தினார்கள், எப்படி அடுத்ததற்கு இழுத்தார்கள் என்று பார்.

இன்னொன்று, உன் இன்ஸ்பெக்டர். அவரை மண்டாக ஆக்காதே. புத்திசாலியாகவே இருக்கட்டும். ஊருக்கு மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகிறது, யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபடவில்லை, அவ்வளவுதான் அவர் குறை. அவர் நோட்டில் உறவுமுறை எழுதி எழுதிக் கோடு போட்டுக் குழம்புவதும், அயித்தை அதைத் திருத்திக் கொடுப்பதும் உனக்கு ஒரு முழு அத்தியாயம் தரும். அதே நோட்டுக்குள் ஒரு தடயத்தையும் ஒளித்துவிடலாம்.

அப்பச்சியும் படித்தார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைத்தான் அவர்கள் சந்தேகப்படுகிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் எடுத்தது என்று நீ முடிவு செய்துவிட்டாலும் எங்களுக்குச் சொல்லாதே. பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூட லீவு போட்டுக்கொண்டு வா, ஆத்தங்குடிக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும் சேர்ந்து போய் வரலாம். சாமான் அறைச் சாவியையும் கேட்டு வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் உன் அயித்தையிடம் நீயே ஒரு வார்த்தை போனில் பேசிவிடு. நாலாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா