‘வாரண்டி போச்சு’ என்று வாயால் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைலன்சர் மாற்றிய பைக்குகளைப் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள் என்று நம் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. பிடிக்கட்டும், அந்தச் சத்தத்தில் கைக்குழந்தை தூங்க முடியவில்லை. ஆனால் பல லட்சம் கொட்டி வாங்கிய புதுக் காரில் பையன்கள் ‘ரீமேப்’ என்று ஒன்று செய்கிறார்களே, அதற்கப்புறம் அந்தக் காரின் வாரண்டிக்கு என்ன ஆகிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நான் காவேரிப்பட்டணத்தில் 22 வருடமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிராக்டர், பொலிரோ, டாடா ஏஸ் சாமான்தான் என் பிழைப்பு, ஸ்போர்ட்ஸ் காருக்கு என் கடையில் ஒரு நட்டு கூடக் கிடைக்காது. இருந்தாலும் என் அக்கா மகன் புண்ணியத்தில் கடந்த ஆறு மாதமாக இந்தப் பாடத்தைப் படித்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன வருடம் 38 லட்சத்துக்கு ஒரு 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் எடுத்தான், டிஎன் 24 பதிவு. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எடுத்து நாலாவது மாதம் பெங்களூரிலேயே ஒரு ட்யூனிங் கடையில் ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் போட்டுவிட்டான், கூடவே ஏர் பில்டரையும் மாற்றினான். இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கடையின் விசிட்டிங் கார்டைக் கொடுத்ததே ஷோரூமில் கார் விற்ற பையன்தான். “எல்லாரும் போடுறாங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றானாம்.

ஸ்டேஜ் 1 என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம், ஸ்பேனர் வேலையே கிடையாது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி, டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்று முடிவெடுக்கிற ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் பெட்டியில் கம்பெனி எழுதிய கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்கு எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஒரே இன்ஜினைக் கம்பெனிக்காரர்களே ஒரு காரில் குறைந்த பவரிலும் இன்னொரு காரில் கூடுதல் பவரிலும் விற்கிறார்கள், ஆகவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்பது உண்மை. அந்த இடம் சும்மா விட்டதில்லை. நம் ஊர் வெயில், பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் மாறுகிற தரம், ஏசி போட்டு நாலு பேரோடு கணவாய் ஏறுவது, இதையெல்லாம் நினைத்து விட்ட இடம். பெங்களூர் ராத்திரிக் குளிரில் டைனோ என்கிற பவர் அளக்கும் மெஷினில் ஏற்றி, 97 ஆக்டேன் என்கிற உயர்தரப் பெட்ரோல் ஊற்றிச் சரிபார்த்த புதுக் கணக்கு பைல், மே மாத மதியம் சாதாரண பெட்ரோலில் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்று கிளம்பும்போது என்ன பாடுபடும்? மட்டமான ஆக்டேன் என்றால் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து இன்ஜின் ‘நாக்’ ஆகும். சென்சார் கண்டுபிடித்துத் தானே பவரைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் எப்போதும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 11,000 கிலோமீட்டரில் ஸ்டியரிங் இறுக ஆரம்பித்தது. இந்தக் காரில் பவர் ஸ்டியரிங்குக்கு ஆயில் கிடையாது, முன்சக்கரங்களைத் திருப்புகிற ராக் என்கிற பாகத்தில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். அதுதான் கோளாறு, ராக்கையே மாற்ற வேண்டும், வாரண்டியில் வந்துவிடும் என்று முதல் நாள் சொன்னார்கள். மறுநாள் கூப்பிட்டார்கள். நானும் போனேன், சொந்தக்காரன் என்பதை விடக் கடைக்காரன் என்கிற ஆர்வத்தில்தான். சர்வீஸ் அட்வைசர் கன்னடம் கலந்த தமிழில் பேசிக்கொண்டே லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. ஈசியூவில் எத்தனை முறை எழுதியிருக்கிறது என்று எண்ணுகிற ‘பிளாஷ் கவுண்டர்’ அது. கம்பெனி ரெகார்டில் 2, காரில் 5.

மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. சர்வீசுக்கு விடுவதற்கு முந்தின நாள்தான் ட்யூனிங் கடைக்குப் போய், “ஒரிஜினல் பைலைத் திரும்பப் போட்டுட்டா எவனாலும் கண்டுபிடிக்க முடியாது” என்று அவர்கள் சொன்னதை நம்பிப் பழைய பைலை ஏற்றி வந்திருக்கிறான். பழைய பைலை ஏற்றுவதும் ஒரு எழுத்துதானே, அதையும் சேர்த்துத்தான் 5! தம்பிகளே, இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்த நினைப்பில் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவற்றில் காரைக் கம்பெனி சர்வருடன் இணைத்தவுடனே அங்கே கணக்கு ஒத்துப்பார்க்கும். போக்ஸ்வேகன், ஆடி கார்களில் ட்யூன் கண்டுபிடிக்கப்பட்டால் ‘டிடி1’ என்று ஒரு குறியீடு அந்த வண்டி எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த டீலரிடம் போனாலும் அது கூடவே வரும் என்று கார் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் சண்டை பிடிபட்டதைப் பற்றி இல்லை. அதற்கடுத்து அட்வைசர் சொன்னார் பாருங்கள், “முழு வாரண்டியும் போச்சு சார், எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சேர்த்து.” ஸ்டியரிங் ராக்குக்கு 1,90,000 ரூபாய் கொட்டேஷன் கையில் கொடுத்தார்.

நான் கேட்டேன், இன்ஜின் கணக்கை மாற்றினால் ஸ்டியரிங் மோட்டார் எப்படி வீணாகும்? பதில் இல்லை. “சிஸ்டம் பிளாக் பண்ணிடுச்சு சார்” என்றார். சிஸ்டம் என்ன, சாமியா? வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படித்தோம், கடைசிப் பக்கங்களில் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. மாற்றம் செய்ததால் உண்டான பழுதுக்கு வாரண்டி இல்லை என்று ஒரு வரி, அங்கீகரிக்காத மாற்றம் செய்தால் வாரண்டியை மறுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று இன்னொரு வரி. முதல் வரி நியாயம். இரண்டாவது வரியை வைத்துக்கொண்டு ராக்கும் கிடையாது, டோர் கிளாஸும் கிடையாது, பெயிண்ட்டும் கிடையாது என்று சொல்லலாம் என்று நினைக்கிறார்கள்.

மாப்பிள்ளை இணையத்தில் தேடி, அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன்-மாஸ் என்று ஒரு சட்டம் இருக்கிறது, வெளியில் வாங்கின பாகத்தைப் போட்டதற்காகவே வாரண்டியை மறுக்க முடியாது, அதனால்தான் கெட்டது என்று கம்பெனி காட்ட வேண்டும் என்று மேனேஜரிடம் செல்போனில் காட்டினான். மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை, அந்தச் சட்டம் அங்கேதான் செல்லும். கிருஷ்ணகிரிக்காரனுக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அது ஒன்றும் சாதாரணம் இல்லை. காரை பெங்களூரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான், பிரச்சினை உண்டான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கோளாறு எதனால் என்பதில் தகராறு வந்தால் பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கு வேண்டாம் என்றால் முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யலாம்.

நான் மேனேஜரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எந்தப் பாகம், எந்த மாற்றத்தால் கெட்டது, புத்தகத்தில் எந்த வரிப்படி மறுக்கிறீர்கள், இந்த மூன்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாங்கள் காசு கட்டிவிட்டுப் போகிறோம் என்றேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது, ‘குட்வில்’ அடிப்படையில் ராக்கை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். வாரண்டி என்று சொல்ல வாய் வரவில்லை, குட்வில்லாம்! சரி, எந்தப் பெயரிலாவது மாற்றினால் போதும் என்று வாங்கிக்கொண்டோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை என்ன செய்தான்? ராக் மாறிய தைரியத்தில் மறுபடியும் ட்யூன் பைலை ஏற்றினான். இரண்டே மாதம். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்க, கியர்பாக்ஸ் நழுவ ஆரம்பித்தது. மிதிக்கிறான், இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. என் அக்கா பின்சீட்டில் முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தாள். தர்மபுரி வரை எப்படியோ உருட்டி வந்து அங்கிருந்து டோ வண்டியில் ஏற்றினோம்.

இந்தத் தடவை வாரண்டி கேட்டு அவன் கிளம்பியபோது நானே தடுத்தேன். ஒவ்வொரு கியர்பாக்சுக்கும் இவ்வளவு டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) வரைதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ரீமேப்பில் கூடுகிற டார்க் நேராக கிளட்ச்சில்தான் போய் விழும், அதைக் கம்பெனி எதற்குத் தாங்க வேண்டும்? கியர்பாக்சுக்குள் இருக்கிற கிளட்ச் பேக் நழுவினதற்கு ரீமேப் காரணம் என்று சொல்ல எந்தச் சோதனைக் கூடமும் வேண்டாம், என் கடைப் பையன் சொல்லுவான். சொந்தக் காசில் 2,40,000 கட்டினான். ட்யூனிங் கடைக்காரன் அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.

ஆகக் கம்பெனி எப்போதும் அயோக்கியம், வாங்கினவன் எப்போதும் அப்பாவி என்று நான் எழுத வரவில்லை. காரணமும் பழுதும் ஒட்டினால் மறுக்கட்டும், ஒட்டவில்லை என்றால் மாற்றித் தரட்டும். எதுவானாலும் எழுத்தில் கொடுக்கட்டும். அப்புறம் அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதற்குத் தனியாக 45,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ரத்து என்று சொல்கிறவர்கள் மிச்சக் காலத்துக்கான பணத்தையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டாமா? அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஹெட் ஆபீஸ், ஹெட் ஆபீஸ் என்று கையைக் காட்டுகிறார்கள்.

இன்னும் ஒன்று, வாரண்டியோடு சேராத விஷயம் என்றாலும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. டர்போவுக்கு அடுத்த புகைக்குழாயான டவுன்பைப்பை மாற்றி, புகையைச் சுத்தம் செய்கிற கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுகிற ‘ஸ்டேஜ் 2’ ஆசாமிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்தன்று அங்கேயும் இதே கதைதான்.

வேகம் வேண்டும் என்கிற பையன்களுக்கு வழியே இல்லையா என்றால், கம்பெனிகள் நினைத்தால் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி தன்னுடைய பெர்பார்மன்ஸ் பிரிவு மூலமாகவே சில வண்டிகளுக்கு ட்யூன் கிட் விற்று, டீலரே மாட்டினால் அதற்கு வாரண்டியும் கொடுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, நம் ஓசூர் டிவிஎஸ் 2021லேயே அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கை ‘பில்ட் டு ஆர்டர்’ என்று விற்க ஆரம்பித்தது. பவர் கூட்டுவதில்லை, சஸ்பென்ஷன், ஹேண்டில்பார் மாதிரி விஷயங்கள்தான், ஆனால் கேட்டதை பேக்டரியிலேயே மாட்டி அனுப்புகிறார்கள். 38 லட்சம் வாங்குகிற கார் கம்பெனிக்கு இது ஏன் தோன்றவில்லை? குறைந்தது கார் சாவி கொடுக்கிற அன்றைக்கு, பூமாலையும் கேக்கும் போட்டோவும் வைக்கிற அந்த மேஜை மேல், எதை மாற்றினால் எந்தப் பாகத்தின் வாரண்டி போகும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வைத்துக் கையெழுத்து வாங்கலாமே. ட்யூனிங் கடையின் விசிட்டிங் கார்டைக் கொடுக்க நேரம் இருக்கிறது அல்லவா?

எக்ஸ்டெண்டட் வாரண்டிப் பணம் கேட்டுப் போன வாரம் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பியிருக்கிறோம், 30 நாள் டைம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுவதாக இருக்கிறோம், பேப்பர் எல்லாம் ஒரு பைலில் அடுக்கித் தயாராக என் கடை மேஜை டிராயரில் இருக்கிறது. இதே மாதிரி எக்ஸ்டெண்டட் வாரண்டியை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தராமல் விட்டது தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களில் வேறு யாருக்காவது நடந்திருந்தால் உங்கள் நாளிதழுக்கு எழுதச் சொல்லுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.