வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறீர்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், பிளான், வரி ரசீது. எல்லாம் சரிதான். 2014-இல் மதுரைக்குப் பக்கத்தில் மூன்று சென்ட் இடத்தில் ஒரு பழைய மாடி வீட்டை வாங்கியபோது நாங்களும் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தோம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், வக்கீலிடம் ஒப்பீனியன் வாங்கினோம், லோன் கொடுத்த பேங்க்கும் தன் பங்குக்கு ஒரு வக்கீலையும் ஒரு இன்ஜினியரையும் அனுப்பியது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்படிப்பட்டவர்கள் என்று இவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பால் காய்ச்சிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "அந்தச் சுவர்ல ஆணி அடிச்சது யாரு? அது எங்க சுவர்." அன்றைக்குத்தான் தெரிந்தது, எங்களுக்கு விற்றவருக்கும் அவருக்கும் அந்தப் பொதுச்சுவருக்காகவும் அதை ஒட்டிப் போகும் சாக்கடைக்காகவும் எட்டு வருஷமாகச் சண்டை, போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருக்கிறது என்று. வீடு பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் விற்றவர் எங்களை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் வரச் சொன்னார். அந்த நேரத்தில் பக்கத்து வீடு பூட்டியிருக்கும், எல்லோரும் கோயிலுக்குப் போயிருப்பார்கள். அப்போது எங்களுக்கு அது ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீளும். துணி துவைக்கிற தண்ணீர் போகும் குழாயின் வாயில் ஒரு ராத்திரி சிமென்ட் வைத்து அடைத்தார்கள். எங்கள் கேட்டை மறித்து வண்டியை நிறுத்துவார்கள், எடுக்கச் சொன்னால் வசவு. ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். அத்து, அதாவது எங்கள் இடத்தின் எல்லையை, அளந்து காட்டச் சொல்லி தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து, பணம் கட்டி, சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கல்லைக் காணோம். அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பழைய ஓனர் பல வருஷம் அழுக்குத் தண்ணீரை அவர்கள் சுவரோரம் விட்டு அஸ்திவாரத்தையே ஊறவைத்திருக்கிறார். அந்தக் கோபத்துக்கு நாங்கள் ஆளானோம்.

கோர்ட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது அந்தச் சொத்தை விற்றால் வாங்குகிறவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். வழக்கு இருக்கிற வீட்டை யார் வாங்குவார்கள், எந்த பேங்க் லோன் கொடுக்கும்? என்றைக்காவது விற்க வேண்டியிருக்குமே என்ற பயத்தில் புகாரை எழுத்தில் கொடுக்காமலே வாயை மூடிக்கொண்டு இருக்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. எழுத்தில் எதுவும் இல்லாததால் அடுத்து வாங்குகிறவருக்கு எதுவும் தெரிவதில்லை. பதிவான பத்திரங்களைத்தான் வில்லங்கச் சான்றிதழ் காட்டும், சுவர்ச் சண்டையைக் காட்டாது.

போன வருஷம் நாங்கள் விற்க முடிவு செய்தோம். புரோக்கர் முதலில் சொன்னதே "பக்கத்து வீட்டைப் பத்தி வாயே திறக்காதீங்க" என்பதுதான். என் கணவரும் முதலில் அதையே சொன்னார், வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நாங்கள் பட்டதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்தவர்கள் எல்லோரிடமும் சுவரைக் காட்டி, சாக்கடையைக் காட்டி, நடந்ததைச் சொன்னோம். இரண்டு பேர் டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள். மூன்றாவதாக வந்த தம்பி எங்களிடம் பேசி முடித்ததும் நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். சுவரைத் தொடமாட்டேன், ஒன்றரை அடி உள்ளே தள்ளி என் சுவரைக் கட்டிக்கொள்கிறேன், தண்ணீரை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன் என்று பேசி, எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். நாங்கள் நினைத்த விலையில் நான்கு லட்சம் குறைந்தது. அந்தப் பணம் எங்களுக்குப் பெரிய பணம்தான், ஆனாலும் சொல்லி விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்கிறவருக்குத் தெரிந்து வாங்குகிறவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டை சொத்தின் குறையா? நீங்கள்தான் விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால்? எனக்குத் தெரிந்து யாரும் இந்தப் பிரிவை நம்பி விற்றவரைத் தேடிப் போனதில்லை.

இங்கிலாந்தில் வீடு வாங்கிய என் தங்கை மகன் சொன்னான், அங்கே விற்கிறவர் நிரப்பிக் கொடுக்கிற படிவத்தில் அக்கம்பக்கத்தாரோடு தகராறு உண்டா, புகார் உண்டா என்று ஒரு கேள்வியே இருக்கிறதாம். பொய் எழுதினால் வாங்கியவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமாம். நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்னார் மனை என்று பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதத்தானே செய்கிறோம். அந்த இன்னாரோடு சுவர், பாதை, சாக்கடை, மரம் பற்றி ஏதாவது தகராறோ புகாரோ நோட்டீஸோ உண்டா என்று ஒரே ஒரு பக்கம் விற்கிறவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பதியட்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிற பதிவுத்துறை அந்த ஒரு பக்கத்தையும் கேட்டு வாங்கலாம்.

அது வரும் வரைக்கும் வாங்குகிறவர்கள் விற்கிறவர் சொல்கிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போங்கள், மழை பெய்யும்போது போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி போடுகிறவரிடமும் கேளுங்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

உங்கள் பத்திரிகையில் சட்டக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற வழக்கறிஞர், இப்படி மறைத்து விற்றவரிடம் வாங்கியவர் 55-ஆவது பிரிவை வைத்து நஷ்டஈடு கேட்க முடியுமா என்று ஒரு வாரம் விளக்கி எழுதினால் என்னைப் போன்ற பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மதுரை