பொழுதுபோக்கு மீன்பிடிக்கு உச்ச அளவு வைத்து, அது நிரம்பிய உடனே மூடித்தரக் கோரும் மனு

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர்,
கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் திணைக்களம்,
மாவட்ட அலுவலகம், திருகோணமலை.

அனுப்புநர்:
நிலாவெளி, உப்புவெளி, இறக்கக்கண்டிக் கரைகளில் உல்லாசப் பயணிகளைத் தூண்டில் மீன்பிடிக்கு ஏற்றிச் செல்லும் படகோட்டிகளும், அதே கரைகளில் தொழில் செய்யும் சிறு மீனவர்களும்.

விடயம்: பாரை, கலவாய் ஆகிய மீன்களுக்குப் பருவ உச்ச அளவு நிர்ணயித்தலும், அளவு நிரம்பியதும் பொழுதுபோக்கு மீன்பிடியை மூடுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் கேட்பது ஒன்றுதான். திருகோணமலைக் கடலில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடும் படகுகள் ஒரு பருவத்தில் எத்தனை பாரையும் கலவாயும் கரைக்குக் கொண்டுவரலாம் என்று திணைக்களம் ஓர் உச்ச அளவைத் தீர்மானிக்க வேண்டும். அந்த அளவு நிரம்பும் நாள் ஜூலை நடுவில் வந்தாலும் சரி, ஓகஸ்ட் விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவில் வந்தாலும் சரி, மிகுதிப் பருவத்துக்கு அந்த மீன்பிடியை மூடிவிட வேண்டும்.

இந்த மனுவில் ஒப்பமிட்டவர்களில் பலர் அந்தப் படகுகளை ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறோம். மூடினால் முதலில் அடிபடுவது எங்கள் வருமானம். அதை யோசித்துப் பேசி முடித்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

தூண்டில்காரர்கள் ஏன் திருகோணமலையைத் தேடி வருகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. துறைமுக வாயிலுக்குக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. மற்ற ஊர்களில் நெடுநேரம் ஓடிச் சேர வேண்டிய ஆழம் இங்கே கரையைப் பார்த்துக்கொண்டே கிடைக்கிறது. கோணேசர் மலையில் நின்றபடி நீலத் திமிங்கிலம் பார்க்க முடிவதும் அதனால்தான். மறுபக்கம் கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கிறது. பாரைக் குஞ்சுகள் ஆற்றுவாயிலும் களப்பிலும் வளர்ந்து, பெருத்த பிறகு வெளியே கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களுக்குப் போகின்றன. வளர்கிற இடமும் பெருத்து நிற்கிற இடமும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால், இங்கே நாங்கள் செய்கிற நன்மையும் கெடுதியும் இங்கேயே வந்து நிற்கும்.

பெரும்பாரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூண்டிலில் பிடிபட்ட உலக சாதனைப் பாரை 2006இல் யப்பானில் கிடைத்தது, நிறை 72.8 கிலோ. அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆட்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் அந்த மீன் முதன்முதலாக முட்டை இடும் பருவத்துக்கு வரவே மூன்று வருடத்துக்கு மேல் எடுக்கும், அப்போது அது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். முட்டையிடும் காலத்தில் நிலாவைப் பார்த்துக் கூட்டமாகச் சேரும். கூட்டம் சேரும் பார் எது என்று தெரிந்த ஓட்டி அந்தப் புள்ளியை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து வைத்திருப்பார். பிறகு அடுத்தடுத்த நாட்களில் எல்லாப் படகும் அங்கேதான் நிற்கும். கலவாயின் கதை இன்னும் கவலைக்குரியது. கலவாய் இனங்களில் பல முதலில் பெண்ணாக இருந்து, வளர்ந்து பெருத்த பிறகே ஆணாக மாறுகின்றன. படம் எடுக்கத் தூக்கிப் பிடிப்பதற்குப் பெரிய மீனையே தேடுகிறார்கள். அப்படித் தேடித் தேடி எடுத்தால் பாரில் ஆண் மீன்தான் முதலில் குறையும். அப்புறம் எத்தனை பெண் மீன் இருந்தும் என்ன பயன்?

ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன் என்று வரையறுத்தால் போதாதா என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு வரையறை கட்டாயம் வேண்டும். படகுக்கு இரண்டு மீன் என்பது எங்கள் கருத்து. ஆனால் அது தனிப் படகைத்தான் கட்டுப்படுத்தும், மொத்தத்தைக் கட்டுப்படுத்தாது. இந்த வருடம் ஓடும் படகின் தொகை அடுத்த வருடம் இரட்டித்தால், ஒருவரும் விதியை மீறாமலே பிடிபடும் மீனும் இரட்டிக்கும். கரைக்கு வரும் மொத்த மீனுக்கு ஓர் எல்லை இருந்து, அதைத் தொட்டதும் நிறுத்தினால்தான் பார் மிஞ்சும்.

இப்படி மூடுவது உலகத்தில் புதிதல்ல. மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கப் பகுதியில், எங்கள் சந்தையில் சிவப்பு மீன் என்று விற்கிற இனத்துக்கு உறவான ரெட் ஸ்னாப்பருக்கு, பொழுதுபோக்குக்கு ஒரு பங்கும் தொழிலுக்கு ஒரு பங்கும் தனித்தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தப் பங்கு நிரம்புகிறதோ, அந்தத் தரப்பினர் அந்த ஆண்டின் மிகுதியில் அந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களின் சட்டமே சொல்கிறது. அதே இடத்தில் அவர்கள் பட்ட பாட்டையும் நாங்கள் மறைக்கவில்லை. தூண்டில்காரர் தொகை பெரிது, பிடிபட்ட கணக்கு வந்து சேர்வதோ பிந்தித்தான். ஆகவே முன்கூட்டியே மதிப்பிட்டு நாள் குறிக்க வேண்டியதாயிற்று. 2017இல் தனியார் படகுகளுக்கு மத்திய அரசின் கடற்பரப்பில் 3 நாட்கள்தான் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மேலும் 39 நாட்களைக் கூட்டினார்கள். அப்படிக் கூட்டினால் அந்த ஆண்டின் அளவு மிஞ்சிப்போகும் என்று அரசாங்க அறிவித்தலிலேயே எழுதிவிட்டுத்தான் கூட்டினார்கள். எந்தத் தொழிலாளிக்கும் 3 நாள் பருவம் கட்டாது. தெரிந்துகொண்டே அளவை மீறுவதை எந்தக் கடலும் தாங்காது.

நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் கணக்கைப் பற்றியது. மீன் கரைக்கு வருகிற அன்றே எண்ணப்படாவிட்டால், மூடுகிற உத்தரவு எப்போதும் பிந்தித்தான் வரும். இந்த விடயத்தில் திருகோணமலைக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே தூண்டில் படகுகள் கரையேறும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படகோட்டிகள் ஒருவரை ஒருவர் அறிவோம். ஆகவே ஒவ்வொரு படகுக்கும் திணைக்களம் ஒரு பதிவுப் புத்தகம் தரட்டும். கரைக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு பாரையையும் கலவாயையும் அளவு நாடாவில் கிடத்திப் படம் எடுத்து, அன்று இரவுக்குள் கடற்றொழில் பரிசோதகரின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள். மீன் இல்லாமல் வந்த படகும் ‘இல்லை’ என்று அனுப்ப வேண்டும். அனுப்பாத படகுக்கு அடுத்த நாள் ஓட அனுமதி இருக்கக் கூடாது. சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து சொந்தப் படகை இழுத்துக்கொண்டு வருபவர்களும் இதே விதிக்குள் வர வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் எண்ணினால் அந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. வாரம் ஒருமுறை மொத்தத் தொகையைத் தங்கள் அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஹோட்டல்களிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டிவிட்டால், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

முழு அளவும் நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மூடப்போகிறார்கள் என்று தெரிந்தால் கடைசி நாட்களில் எல்லோரும் ஒன்றாக ஓடுவார்கள். 80 வீதத்தில் எச்சரிக்கையும் 90 வீதத்தில் மூடும் திகதியும் அறிவித்தால் அந்த ஓட்டத்துக்கும் இடம் விட்டதாக இருக்கும். கணக்கை ஜனவரியில் தொடங்காமல் மார்ச் முதலாம் திகதியில் தொடங்குமாறும் கேட்கிறோம். வாடைக் காலத்தில் எங்கள் பக்கம் படகு இறக்குவதே கஷ்டம். கச்சான் தொடங்கிக் கடல் அடங்கிய பிறகுதான் இந்தத் தொழில் நடக்கிறது.

இனி, சட்டப் பக்கம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் மற்றும் நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ், வர்த்தமானி மூலம் மூடிய பருவத்தை அறிவிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இருக்கிறது. சிங்க இறாலுக்கு பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடை இருப்பது எல்லா மீனவருக்கும் பழகிய விடயம். ஆனால் அது நாட்காட்டியைப் பார்த்து மூடுவது. நாங்கள் கேட்பது எண்ணிக்கையைப் பார்த்து மூடுவது. அளவு நிரம்பிய பிறகு கோப்பு கொழும்புக்குப் போய், வர்த்தமானி அச்சாகி வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். ஆகவே அளவு, எண்ணும் முறை, எந்த வீதத்தில் மூடுவது என்பவற்றைப் பருவம் தொடங்க முன்னரே ஒரே ஒழுங்குவிதியாக வர்த்தமானியில் போட்டு, பிறகு பணிப்பாளர் நாயகத்தின் ஓர் அறிவித்தலோடு மூடக்கூடியதாகச் செய்ய வேண்டும். இந்த மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் மேலிடத்துக்கு அனுப்பும்போது, இந்த ஒரு பகுதியையாவது விடாமல் வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மூடிய பிறகு ‘பிடித்துத் திரும்பக் கடலில் விடுகிறோம்’ என்று படகு ஓடலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. மேல்நீரில் பொப்பர் என்ற மிதக்கும் போலி இரையை எறிந்து பிடிக்கும் பாரையை, முள்ளில்லாத ஒற்றைக் கொக்கி போட்டு, தண்ணீரைவிட்டு வெளியே அதிக நேரம் வைக்காமல் விட்டால் அது பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை அனுமதிக்கலாம். ஆழத்தில் இருந்து ஏற்றும் கலவாய் அப்படியல்ல. மேலே வரும்போது அதன் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியே பிதுங்கிவிடும். மேலே விட்டால் மல்லாந்து மிதக்கும். பருந்துக்கும் சுறாவுக்கும் இரையாகும். அதைப் பாரம் கட்டிக் கீழே இறக்கிவிடும் கருவி இருக்கிறது. அமெரிக்கா மெக்சிகோ வளைகுடாவில் பார் மீன் பிடிக்கும் படகுகளுக்கு அதை அல்லது காற்றை வெளியேற்றும் ஊசியை 2022இல் கட்டாயமாக்கியது. பருவம் திறந்திருக்கும்போது இங்கேயும் அந்தக் கருவி படகில் இருக்கட்டும். பருவம் மூடிய பிறகு ஆழத்தில் ஜிக் என்ற பாரமான போலி இரையைப் போடுவதையே நிறுத்துங்கள். விடுகிறோம் என்று சொல்லிச் சாகடிக்கும் மீன் எந்தக் கணக்கிலும் வராது.

எங்கள் சக மீனவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, அதையும் இங்கே எழுத வேண்டும். அளவு என்ற சொல்லைக் கேட்டதும், நாளைக்குக் கைத்தூண்டிலுக்கும் கரைவலைக்கும் இதே அளவைக் கொண்டுவருவார்கள் என்று அஞ்சுகிறார்கள். இந்த உச்ச அளவு பொழுதுபோக்கு மீன்பிடிக்கு மட்டுமானது என்று ஒழுங்குவிதியில் தெளிவாக எழுதப்பட வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காகக் கடலுக்குப் போகிறவரின் பங்கைக் குறைத்து விளையாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலை அள்ளிக்கொண்டு போகும்போது இரண்டு தூண்டிலைக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்ற கேள்வியும் வந்தது. சுருக்குவலைக்கு எதிராகத் திருகோணமலை மீனவர்கள் வைத்த கோரிக்கை அப்படியே நிற்கிறது, அதில் நாங்களும் இருக்கிறோம். அது தீரும்வரை எங்கள் கையால் நடப்பதைக் கணக்கில்லாமல் விட முடியாது.

அளவு எவ்வளவு என்பதை நாங்கள் சொல்லப்போவதில்லை. அது நாரா எனப்படும் அரசின் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. முதலாவது பருவத்துக்குக் குறைந்த ஒரு தற்காலிக அளவை வைத்து, அந்தப் பருவத்தின் எண்ணிக்கையையும் நீள அளவுகளையும் நாராவுக்குக் கொடுத்து, அடுத்த பருவத்துக்குத் திருத்தலாம். தளப்பத்து, மார்லின் போன்றவற்றையும் அதே புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2018இல் அந்த இனங்களுக்குப் பிடிப்பு எல்லை வைத்திருக்கிறது. தளப்பத்துக்கு முழு இந்து சமுத்திரத்துக்கும் 25,000 தொன். இலங்கை அதில் உறுப்பு நாடு என்பதால், எங்கள் படகில் ஏறும் மீனும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலையைச் சுற்றி வனசீவராசிகள் திணைக்களம் எல்லை காக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் படகுகளும் இந்தக் கணக்குக்குள் வரும்படி இரண்டு திணைக்களங்களும் பேசி ஒழுங்கு செய்ய வேண்டும்.

மூடும் நாள் வந்தால் எங்களில் பலர் திமிங்கிலம் பார்க்கவும் முருகைக்கல் பார்க்கவும் ஆட்களை ஏற்றுவோம். சிலர் வலைக்குத் திரும்புவோம். ஹோட்டல்களில் முற்பதிவு எடுப்பவர்கள், அளவு நிரம்பினால் மீன்பிடிப் பயணம் நடக்காது என்பதை முற்பதிவிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை தந்தால், கரையில் நின்று பயணிகளோடு சண்டை பிடிக்கிற நிலை எங்களுக்கு வராது.

பருவம் தொடங்க முன்னர், பெப்ரவரி மாதத்துக்குள் படகோட்டிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஹோட்டல் தரப்பு, நாரா, வனசீவராசிகள் திணைக்களம் எல்லோரையும் அழைத்துத் தங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். பதிவுப் புத்தகம் அச்சாகி வரும்வரை சாதாரண கொப்பியில் எழுதிப் பரிசோதகரிடம் ஒப்படைக்க எங்கள் படகுகள் தயார். கூட்டத்துக்கான திகதியை அறிவித்தால் கரைக்கு இருவர் வீதம் வருகிறோம்.

நன்றி.

இங்ஙனம்,
நிலாவெளி, உப்புவெளி, இறக்கக்கண்டிப் படகோட்டிகளும் கரையோர மீனவர்களும்
(ஒப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதிகள்: பணிப்பாளர் நாயகம், கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் திணைக்களம், கொழும்பு, அரசாங்க அதிபர், திருகோணமலை.