செயலாளரின் ஆண்டறிக்கை 2024: 'லார்ட் ஜிம்' படித்த ஆண்டு

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல் ஜனவரியில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி ஒரு சிறுகதை வாசிப்பு. தீபாவளி விருந்து நவம்பர் முதல் வாரம். வந்தவர்கள் 40 பேர்.

மார்ச் முதல் நவம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலைப் படித்தோம். 45 அத்தியாயங்கள், மாதத்துக்கு ஐந்து. இது என் யோசனை. தமிழ் வாசகர் வட்டத்துக்கு இங்கிலீஷ் நாவல் எதற்கு என்று பலரும் கேட்டதால் இங்கே பதில் சொல்கிறேன். கான்ராட் 1924 ஆகஸ்ட் 3 அன்று இறந்தார், இது நூறாவது ஆண்டு. அதைவிட முக்கியமான காரணம், அந்தக் கதை கிளம்பியது நம் சிங்கப்பூரிலிருந்து. 1880இல் 'ஜெட்டா' என்ற கப்பல் ஏறத்தாழ 950 ஹஜ் பயணிகளோடு இங்கிருந்து பினாங்கு வழியாகப் புறப்பட்டது. நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வந்ததும் கேப்டனும் அதிகாரிகளும் படகில் இறங்கிப் போய்விட்டார்கள். ஏடன் துறைமுகத்தில் கரையேறி, கப்பல் மூழ்கிவிட்டது என்றார்கள். மறுநாள் அதே கப்பலை வேறொரு கப்பல் இழுத்துக்கொண்டு வந்து ஏடனில் சேர்த்தது, பயணிகள் உயிரோடு இருந்தார்கள். துணைக் கேப்டன் வில்லியம்ஸ் சிங்கப்பூருக்கே திரும்பி, கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். 1916இல் இறந்து பிடாடரி இடுகாட்டில் அடக்கமானார். எல்லோருக்கும் அவர் கதை தெரிந்த ஒரு துறைமுகத்தில் அத்தனை வருஷம் நடமாடியிருக்கிறார். இதைப் படித்த நாள் முதல் என்னால் விட முடியவில்லை.

நாவலில் கப்பலின் பெயர் 'பாட்னா'. 800 பயணிகள், ஏழு படகுகள். இளம் அதிகாரி ஜிம் குதித்துவிடுகிறான், கப்பலோ மூழ்கவில்லை. மற்றவர்கள் விசாரணைக்கு வராமல் நழுவ, அவன் மட்டும் வந்து நிற்கிறான். ஏப்ரல் கூட்டத்தில் பிரையர்லி பகுதியைப் படித்தோம். விசாரணைக் குழுவில் உட்கார்ந்த கேப்டன் அவர். தான் 200 ரூபாய் போடுகிறேன், நீ 100 போடு, இந்தப் பையனை ஊரைவிட்டு ஓடச் சொல் என்று, கதையைச் சொல்லும் கப்பல்காரர் மார்லோவிடம் கேட்கிறார். அடுத்தவன் அவமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கொஞ்ச நாளில் அவரே கடலில் குதித்து இறந்துபோகிறார். அன்று நூலகத்தில் விளக்கை அணைக்க வந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று கேட்டார்: "ஜிம் தன் மானம் போச்சுன்னு அழறான். அந்த எண்ணூறு பேரைப் பத்தி எத்தனை தடவை பேசறான்?" சுக்கானை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு மலாய் சுக்கானிகள்தான் அவர் கண்ணில் பெரிய மனிதர்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஓடாமல் வந்து நின்றதற்காக ஜிம்மை என்னால் வெறுக்க முடியாது. பட்டுசான் என்ற ஒதுக்குப்புறமான ஊரில் புது வாழ்வு கிடைத்த பிறகு அவன் கணிப்புத் தவறி, அங்குள்ள தலைவர் டோராமினின் மகன் சாகிறான். உயிருக்கு உயிர் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற டோராமின் முன் போய் நிற்கிறான், சுட்டுவிடுகிறார். பிராயச்சித்தம் என்றார்கள் இருவர். விட்டுப் போகமாட்டேன் என்று நம்பவைத்த காதலி ஜூவலைத் தவிக்கவிட்டுப் போவது பிராயச்சித்தமா? எனக்கு அது இரண்டாவது தடவை குதித்ததாகவே படுகிறது.

இதைப் பேசக் கடைசிக் கூட்டத்தில் ஐந்து பேர்தான் இருந்தோம். முதல் கூட்டத்தில் 26 பேர். மொழி கடினம் என்றதால் எல்லா அத்தியாயத்துக்கும் தமிழில் சுருக்கம் எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அப்படியும் வராதவர்களுக்கு நான் வேறு என்ன செய்வது?

ஆகஸ்ட் 3 சனிக்கிழமை, ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் அருகே உள்ள கான்ராட் நினைவுச் சின்னத்துக்கு நடைப்பயணம் ஏற்பாடு செய்தேன். பெயர் கொடுத்தவர்கள் 14 பேர், வந்தவர்கள் மூவர். அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினரைப் பெயர் சொல்லிக் கடுமையாக எழுதினேன். அவர் அன்று தன் தாயாரோடு மருத்துவமனையில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். செய்தியை அழித்தேன், ஆனால் எல்லோரும் படித்த பிறகு. இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் அன்போடு சொன்னார். எல்லோர் முன்னும் எழுதியதை எல்லோர் முன்னும்தான் திரும்பப் பெற வேண்டும். தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்கிறேன்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. பிரதி எடுத்த செலவு சற்றுக் கூடிவிட்டது. சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி. பாதிப் பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் சந்தாவையாவது கட்டலாம்.

நூலக ஊழியர்களுக்கும், தேநீருக்குப் பொறுப்பேற்ற அக்காவுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தமிழ் நாவல்தான், எதுவென்று நீங்களே சொல்லுங்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். அப்புறம், விலகிய நண்பருக்குச் சேர வேண்டிய சுருக்கப் பிரதிகள் செப்டம்பரிலிருந்து என் வீட்டில் இருக்கின்றன. ஃபோனை அவர் எடுப்பதில்லை. வரும் ஞாயிறு மாலை அவற்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். அவரோடு பழக்கமுள்ளவர்கள் யாராவது ஒருவர் கூட வந்தால் நன்றாக இருக்கும்.

செயலாளர்